முன்னால் போன கடிதம்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் அந்தச் சலவை ஆலையில் இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கீழே துணி தேய்க்கும் பெண்கள் அவளை 'இங்கிலீஷு' என்றே கூப்பிட்டார்கள். உண்மையில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் அவள். மாடி அலுவலகத்தின் அலமாரியில் கிடந்த பழைய கடித நகல்களை நோட்டுநோட்டாக எழுதிப் பார்த்துத்தான் அந்த மொழியைக் கைக்குள் கொண்டுவந்தாள்.

அந்த நகல்களில் திரும்பத் திரும்ப வந்த ஒரு வாக்கியம் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. 'ஹாஸ் பீன் செக்ட்', 'ஹாஸ் பீன் கிளீன்ட்'. சரிபார்க்கப்பட்டிருக்கிறது, சுத்தம் செய்யப்பட்டிருக்கிறது. யார் பார்த்தது, யார் செய்தது என்று சொல்ல வேண்டியதே இல்லை. கூச்சக்காரிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒரு கண்டிப்பும் உண்டு. வேலை முடிந்திருக்க வேண்டும். இந்த நிமிடம் வந்து பார்த்தாலும் அது முடிந்ததாகவே கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதையும் அவள் நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டு வைத்திருந்தாள். எழுதி வைத்ததோடு சரி.

கீழே ஓர் உருளை இயந்திரம் இருந்தது. கொதிக்கும் இரண்டு உருளைகளுக்கு நடுவே ஈரப் படுக்கை விரிப்பை விட்டால், மறுபக்கம் காய்ந்து சுருக்கமில்லாமல் வரும். கை உள்ளே போய்விடாதபடி உருளைக்கு முன்னால் ஒரு கம்பி. அதில் கை பட்டதும் உருளை நின்றுவிட வேண்டும். மாதம் ஒருமுறை ஃபிட்டர் அந்தக் கம்பியைப் பார்த்து, சரியாக இருக்கிறதென்று தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதி அனுப்புவது சட்டம். ஆனால் கடிதத்தை வாங்கிப்போகும் ஆள் முதல் தேதி காலை பத்து மணிக்கே வந்து நிற்பார். ஃபிட்டரோ இன்னோர் ஆலையை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் வருவார். ஆகவே பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்தார்கள். அவள் காலையிலேயே பழைய கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றி 'சரிபார்க்கப்பட்டிருக்கிறது' என்று தட்டச்சு செய்வாள். ஒரு நகல் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகும். இன்னொன்று இயந்திரத்துக்குப் பக்கத்துப் பலகையில் ஏறும். மதியம் ஃபிட்டர் வந்து கடிதத்தை மெய்யாக்குவார். இத்தனை வருஷத்தில் பிள்ளை பிறக்காத மாதம் இல்லை.

இந்த மாதம் முதல் தேதி வழக்கமான ஃபிட்டர் லீவு. மாற்றாள் வந்தார். பலகையில் கடிதம் தொங்குவதைப் பார்த்தார். வேறு யாரோ பார்த்துவிட்டார்கள் என்று நினைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பதினேழாம் நாள் கம்பி வேலை செய்யவில்லை. எல்லோரும் சின்னம்மா என்று கூப்பிடும் பெண்ணின் வலது கை உருளைக்குள் போனது. இப்போது அவள் படுத்திருப்பது, அவளே தேய்த்து அனுப்பிய விரிப்பின் மேல்.

மூன்று நாள் நின்றிருந்த இயந்திரம் அன்று காலை மறுபடி ஓடத் தொடங்கியது. சின்னம்மாவின் இடத்தில் இங்கிலீஷுவின் சொந்த அக்காவை நிறுத்தியிருந்தார்கள். கம்பி சரிசெய்யப்பட்டதா என்று ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். மூன்று மணிக்குள் பதில் போக வேண்டும்.

"ஏம்மா, வழக்கமா போடுற 'ஹாஸ் பீன்' ஒண்ணைப் போட்டு அனுப்பிடு. ரெண்டு வரி போதும்" என்றார் மேனேஜர்.

"ரிப்பேர் ஆயிடுச்சா சார்?"

"நாளைக்கு ஆயிடும். சுவிட்ச் வந்துட்டே இருக்கு."

"நாளைக்குன்னா இந்த வாக்கியம் வராது சார்."

"கடிதம் போய்ச் சேரவே நாளைக்கு ஆயிடும்மா. அவங்க படிக்கிறப்ப சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். "ஆஸ்பத்திரிக்காரன் விரிப்பு எங்கேன்னு உயிரை எடுக்குறான். சீக்கிரம்."

அவள் தாளைச் செருகினாள். 'கைத் தடுப்புக் கம்பி' வரைக்கும் அடித்தாள். 'ஹாஸ் பீன்' வந்தது. அடுத்த சொல்லுக்கு விரல் போகவில்லை. கீழே உருளை ஓடும் சத்தம் தரை வழியாக அவள் பாதத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. எழுந்து படியிறங்கினாள்.

"மாடியிலேர்ந்து மகாராணி இறங்கி வர்றாங்க, வழி விடுங்கடி!" என்றாள் அக்கா. அவள் கைகள் உருளைக்கு ஒரு சாண் தூரத்தில் விரிப்பைத் தள்ளிக்கொண்டிருந்தன.

"அக்கா, அந்தக் கம்பியைத் தொட்டா உருளை நிக்குதான்னு பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? மூணு நாள் நிறுத்திப் போட்டுச் சரிபண்ணிட்டுத்தானே ஓட்டுறாங்க? அதான் பலகையில ஒட்டியிருக்கியே. ஒரு எழுத்து புரியாட்டாலும் எங்களுக்கு உன் கடிதம்னா தெய்வ வாக்குடி."

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து, அதன் நீளப் பிடியால் கம்பியை அழுத்தினாள். உருளை ஓடியது. இன்னும் அழுத்தினாள். ஓடிக்கொண்டே இருந்தது.

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. கைகளை மெல்ல இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

இங்கிலீஷு சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். உருளைகள் முனகி, தளர்ந்து, நின்றன. அவ்வளவு பெரிய கூடத்தில் அத்தனை கண்களும் அவள் மேல். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறவள் அவள்.

"யாரும் தொடாதீங்க" என்றாள். "நான்தான் நிறுத்தினேன்."

மேலே வந்து புதுத் தாள் செருகினாள். இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று முதல் வரி. கம்பி இன்னும் சரிசெய்யப்படவில்லை என்று இரண்டாவது வரி. மூன்றாவது வரிக்கு நெடுநேரம் ஆனது. இந்த மாதக் கடிதத்தை, கம்பியை யாரும் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுதியவள் நான். அதன் கீழே தன் முழுப் பெயரை அடித்துக் கையெழுத்தும் போட்டாள்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "யாரைக் கேட்டும்மா நிறுத்தினே?"

"யாரையும் கேக்கல சார். நிறுத்தாம அந்த வரியை எழுத முடியல."

"சரி, தொலையுது. மூணாவது வரி எதுக்கு? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறியே. வேலை போயிடும்."

"தெரியும் சார். பேர் இல்லாமப் போனதாலதான் எல்லாரும் வேற யாரோ பாத்துட்டாங்கன்னு நினைச்சோம்."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். மாதாமாதம் அந்தக் கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர் அவர். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. டெலிபோன் அடித்தது. ஆஸ்பத்திரி.

"இல்லைங்க. இன்னைக்கு விரிப்பு வராது. மெஷினை நிறுத்தியாச்சு" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கத்தினார்கள். அவர் அவளைப் பார்த்தார். "யாரா? நாங்கதான்."

ரிசீவரை வைத்துவிட்டு, அவள் பெயருக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நகலோடு அவள் கீழே போனாள். பலகையில் இருந்த பழைய கடிதத்தைக் கழற்றினாள்.

"என்னடி எழுதியிருக்கு? தமிழ்ல சொல்லு" என்றாள் அக்கா. பெண்கள் சுற்றி நின்றார்கள். சின்னம்மாவின் மகளும் நின்றாள். அவளும் அங்கே மடிப்பு வேலைதான்.

சொன்னாள். மூன்றாவது வரியையும் விடாமல் சொல்லி முடித்தாள். அக்கா தாளை வாங்கி, எட்டி, பலகையின் உச்சியில் குத்தினாள்.

சின்னம்மாவின் மகள் கிட்டே வந்தாள். திட்டவில்லை.

"அம்மாவுக்கு இன்னும் இது தெரியாது. சாயங்காலம் நீயே வந்து சொல்லு."

"வர்றேன்."

"வந்துட்டேன்னு அதையும் முன்கூட்டியே எழுதி வெச்சிடாத."

சாயங்காலம் மணி அடித்ததும் அவள் நோட்டை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.