இணைச்சீருக்கு ஆகாதவள்

"அந்தச் சேலைய கோமதிகிட்டக் குடு கண்ணு."

கமலாத்தாள் இதைக் குசுகுசுவென்றுதான் சொன்னாள். ஆனால் அவளுடைய குசுகுசுப்பு கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கிற லாரிக்காரனுக்குக்கூடக் கேட்கும். மகள் செல்வப்பிரியா சீருக்குக் கட்டிக்கொள்ள எடுத்து மடியில் வைத்திருந்த அரக்குப் பட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா மகள் கோமதி வாங்கவும் முடியாமல், வேண்டாமென்று சொல்லவும் முடியாமல், எதிரே கையை நீட்டியபடி நின்றாள்.

நாளை மறுநாள் அண்ணன் சந்துருவுக்குக் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர். கூறைச் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறு முனையைக் கூடப்பிறந்தவளும் பிடித்து நிற்க வேண்டும். வீட்டுக்கு இன்னொருத்தி வந்தாலும் நம் இழை அறாது என்று அர்த்தம். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பங்காளி வீட்டில் பெண் தேடுவார்கள்.

"நான் இருக்கறனேம்மா," என்றாள் செல்வப்பிரியா.

"ஆரு இல்லீன்னா? மேடையில நின்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. பொண்ணூட்டுக்காரங்க காதுல உழுந்தா என்னாகறது?"

விஷயம் இதுதான். பெங்களூரில் நர்சிங் படிக்கப் போன செல்வப்பிரியா, கண் விழித்துப் படிக்க ஒரு மாத்திரையில் ஆரம்பித்து, அப்புறம் பொடிக்குப் போய், எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். பாலக்காட்டுப் பக்கம் ஒரு போதை மீட்பு மையத்தில் இருந்து தேறினாள். ஊருக்குச் சொன்ன கதை மஞ்சள் காமாலை. அந்த ரகசியத்தைக் காப்பாற்றச் சொந்தக்காரர்கள் எண்பத்தேழு பேர் இராப்பகலாகப் பாடுபட்டதில், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் அது தெரியாத ஜீவன்கள் இரண்டே இரண்டு: வீட்டு எருமை, சம்பந்தி காளிச்சாமி.

சந்துருவின் கதை வேறு. அவன் குடித்த கள்ளையெல்லாம் திருப்பி ஊற்றினால் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இருக்காது. அவன் வந்து நிற்பதைப் பார்த்துத்தான் கள்ளு ஷாப்புக்காரர் கடிகாரத்தைச் சரி செய்வார். தங்கையைப் பார்க்க ஒரு நாள் மையத்துக்குப் போனான். கேட்டில் இருந்தவர், சேர வந்த ஆள் என்று நினைத்து அவனிடம் ஃபாரத்தை நீட்டிவிட்டார். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பா தனபாலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஆம்பளப் பையன். கண்ணாலம் ஆனாச் செரியாப் போயிரும்," என்றார்.

நாலு மாதத்துக்கு முன்னால் மகள் மையத்திலிருந்து திரும்பி வந்த அன்று, அதே தனபால்தான் அவளுக்குத் தனி டம்ளர் எடுத்து வைத்தார்.

கட்டிலில் கிடந்த சந்துரு இப்போது எழுந்து உட்கார்ந்தான். "அம்முணி இல்லாம எனக்கு இணைச்சீரே வேண்டாம்! சொல்லிப்போட்டேன்!" என்று தங்கையைக் காட்டிக் கூரை அதிரக் கத்தினான். கத்தி முடித்ததும் தூங்கிப்போனான்.

செல்வப்பிரியா சேலையைக் கோமதியின் கையில் வைத்தாள்.

கல்யாணத்தன்று காலை அவளை மண்டபத்துச் சாமான் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் தேங்காய் மூட்டைகள். நாதஸ்வரம் சுவர் வழியாகக் கேட்டது. திடீரென்று கதவு திறந்து கமலாத்தாள் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணனுக்குக் காலு நிக்க மாட்டீங்குது. என்ன குடுத்தாத் தெளியும் கண்ணு? உனக்குத்தான தெரியும்?"

வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா அவளிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"எது குடுத்தாலும் தெளியாதுங்கம்மா. நேரந்தான் ஆகோணும்."

"நேரத்துக்கு நான் எங்க போவேன்? சீர் நடத்தற அருமைக்காரரு கூப்பிட்டாச்சு. நீ வந்து பின்னால நின்னு புடிச்சுக்க சாமி."

அவள் போனாள். மேடையில் கோமதி அரக்குப் பட்டில் ஜொலித்தாள். கூறைச் சேலையின் முனை அவள் கையில் இருந்தது. மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், சாதாரணச் சுடிதாரில், செல்வப்பிரியா அவன் இரண்டு தோளையும் தாங்கி நின்றாள். அவன் மேலிருந்து வந்த நெடியில் அவளுக்கு நாக்கு உலர்ந்தது. மறந்துவிட்டதென்று நினைத்திருந்த தவிப்பு ஒரு முறை புரண்டு படுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஃபோட்டோக்காரன் சுஜின் கேமராவை இறக்கினான். "சேச்சி, கொஞ்சம் தாழ்ந்து நில்லுங்க. ஃபோட்டோல வர்றீங்க."

கீழேயிருந்து கமலாத்தாள் சொன்னாள்: "குனிஞ்சுக்க கண்ணு."

குனிந்தாள்.

"ஆரு? அம்முணியா?" என்று சந்துரு குழறினான்.

"நாந்தாண்ணா."

"உட்றாத."

மையத்தில் பெற்றவர்களுக்கென்று வாராவாரம் ஒரு வகுப்பு நடக்கும். விழ விடாமல் தாங்கிக்கொண்டே இருந்தால், விழுகிறோம் என்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடும் என்பார்கள். தனபாலும் கமலாத்தாளும் அந்த வகுப்புக்கு ஒரு வாரம்கூட வந்ததில்லை.

செல்வப்பிரியா நிமிர்ந்தாள். கண் நிறைந்து அண்ணனின் முதுகு மங்கலாகத் தெரிந்தது. ஒரு கையை எடுத்தாள். பிறகு இன்னொரு கையையும் எடுத்தாள்.

சந்துரு சீர்த்தட்டுகளின் மேல் விழுந்த சத்தம் பொள்ளாச்சி வரைக்கும் கேட்டிருக்கும்.

"புடிடீ!" என்று அலறினாள் கமலாத்தாள்.

"நாலு மாசமா என்னைய ஆரும் புடிக்கலீங்கம்மா. நானாத்தான் நிக்கறேன்."

சம்பந்தி காளிச்சாமி மேடையேறினார். குனிந்து மாப்பிள்ளையின் முகத்தருகே போனார். அவர் மூக்கு சுருங்கியதை முதல் வரிசை முழுக்கப் பார்த்தது. நிமிர்ந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வெறும் வயிறு. பசி மயக்கமுங்க. கண்ணாலத்துல இதெல்லாம் இருக்கறதுதான்."

அப்புறம் செல்வப்பிரியாவை மேலும் கீழும் பார்த்தார். "லஹரி, போதைன்னு போன புள்ள இதுதானுங்களா? பேச்சு எடுத்தப்பவே கேள்விப்பட்டேன். இதையெல்லாம் மேடையில ஏத்தலாமுங்களா? கை பட்ட தோசந்தான்."

தனபால் கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். நாலு மாமன்கள் மேடைக்கு ஓடினார்கள். ஆளுக்கொரு பக்கமாக மாப்பிள்ளையைத் தூக்கி நிறுத்தினார்கள். மேளம் முன்னைவிடப் பலமாக முழங்கியது.

"உள்ள போ," என்று கமலாத்தாள் கண்ணாலேயே சாமான் அறையைக் காட்டினாள்.

செல்வப்பிரியா படியிறங்கி வந்தாள். முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது பக்கத்து அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இடது பக்கத்தில் இருந்தவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். வரிசை முழுவதும் காலியாயிற்று. மேடையில் நாலு பேர் பிடிக்க, சந்துரு சேலை முனையைப் பிடித்து நின்றான். கீழே அவள் ஒருத்தி, நாற்காலி முதுகில்கூடச் சாயாமல், சீர் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.