கோயம்பேட்டில் இருப்பதாகத் தெரியவருகிறது

வெண்பாடி கன்னியப்பன் 2013-ஆம் வருஷம் ஜூன் மாதம் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினோரு மணி சுமாருக்குத் தன் வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போனார். அப்போது அவர் கூடத்தில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். சொம்பு தெரிந்தது, கூழ் குறைவது தெரிந்தது, ஆள் தெரியவில்லை. எதிரே வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி லீலாவதி இரண்டு முறை கூப்பிட்டாள். பதில் சொன்னதாக அவர் பிறகு சொன்னார், அவளுக்குக் கேட்கவில்லை. வாசற்படி தாண்டித் தெருவில் கால் வைத்ததும் முழுசாகத் தெரிந்தார். உள்ளே வந்தால் மறுபடி இல்லை. அன்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்து லீலாவதி டிரங்குப் பெட்டியில் வைத்தாள். எந்த நோவுக்கும் ஆரம்பித்த தேதியை வைத்தியர் கேட்பார் என்பது அவள் அனுபவம்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. செப்டம்பரில் ஒரு நாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே ஊருக்குள் எங்கேயும் தெரியாமல் போனார். ஊர்ப் பெயர்ப்பலகை தாண்டி உத்திரமேரூர் ரோட்டில் நின்றால் தெரிந்தார். அதனால் பேச வேண்டியதை இருவரும் பலகைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசிவிட்டு வந்தார்கள். டிசம்பரில் அதுவும் நின்றது. அதே வாரம், கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போன உள்ளூர்ப் பச்சமுத்து, கோயம்பேடு மார்க்கெட்டில் கன்னியப்பன் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். கிட்டே போய், "இன்னா மாமா, இங்க கீற?" என்று கேட்டதற்கு அந்த ஆள் மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டே, "நான் அந்த ஆளு இல்லப்பா. அவரு வூட்லதான் கீறாரு, போய்ப் பாரு" என்றார். பச்சமுத்து வந்து பார்த்தான். கயிற்றுக்கட்டில் ஒரு ஆள் பாரத்துக்குத் தொங்கியிருந்தது. டாக்டரிடம் கூட்டிப்போனதில், ஆளைப் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு பழக்கமாகிவிட்டது. ஆமாம் என்றால் டம்ளரை ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. பத்து வருஷக் குடித்தனம் அந்த டம்ளரிலேயே நடந்தது. மகள் சுபாஷ்ரீக்குச் செங்கல்பட்டில் மாப்பிள்ளை பார்த்தபோதுகூட ஒரு தட்டுத்தான் தட்டினார்.

காரணம் 2024 மார்ச் முதல் வாரத்தில் தெரிந்தது. வாரண்ட் பார்க்கும் ஏட்டு பார்த்திபன் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழைய காகிதமும் ஒரு புதிய ஃபாரமும் இருந்தன.

"உங்க வூட்டுக்காரர் மேல பழைய பிடிவாரண்டு ஒண்ணு கீதும்மா. பத்து வருஷத்துக்கு மேல நிக்கிறதெல்லாம் இந்த மாசத்துக்குள்ள முடிக்கணும்னு இன்ஸ்பெக்டர் உத்தரவு. அவரு எறந்துட்டாருன்னு ஒரு கையெய்த்து போட்டுக் குடுத்தீங்கன்னா இருபத்தெட்டாம் தேதியோட முடிஞ்சிடும்."

"அவரு எங்கய்யா எறந்தாரு? தோ, சாப்டுக்கினு கீறாரு" என்று லீலாவதி தட்டைக் காட்டினாள். சோறு குறைந்துகொண்டிருந்தது. பார்த்திபன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். சாட்சிக்கு ஒரு தட்டு போதாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

வழக்கு இதுதான். 2012-இல் கல்குவாரி டிப்பர் ஒன்று மாட்டை அடித்துப் போட்டதற்கு, வேகத்தடை கேட்டு வெண்பாடிக்காரர்கள் பதினோரு பேர் ரோட்டில் உட்கார்ந்தார்கள். கோர்ட்டில் அபராதம் கட்டிய அன்று கன்னியப்பன் தாமலில் தங்கை வீட்டு விசேஷத்தில் இருந்தார். ஊரில் கோயில் வரியானாலும் கரண்டுக் கம்பத்துக்கானாலும் ஒருவர் போய் எல்லோருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு வருவதுதான் வழக்கம். அதுபோலத் தனக்கும் கட்டியாயிற்று என்று அவர் இருந்துவிட்டார். கோர்ட்டில் அந்த வழக்கம் இல்லை. அவர் ஒருவர் பேரை மட்டும் தனி வழக்காகப் பிரித்து வாரண்டு போட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து வெண்பாடி ஆறு கிலோமீட்டர், பாதி தூரம் மண் ரோடு. அப்போதிருந்த ஏட்டு ஐசக் அலைச்சலை மிச்சம் பிடித்து, உட்கார்ந்த இடத்திலேயே அறிக்கை எழுதி வாரண்டைத் திருப்பி அனுப்பினார். பார்த்திபன் வாசிக்க வாசிக்க லீலாவதி டிரங்குப் பெட்டியைத் திறந்து தேதிகளை ஒத்துப் பார்த்தாள். கன்னியப்பனுக்கு அதில் 'எதிரி' என்று பேர். 17.6.2013: எதிரி வீட்டில் இல்லை. செப்டம்பர்: எதிரி ஊரில் இல்லை. டிசம்பர்: எதிரி கோயம்பேடு மார்க்கெட்டில் கூலி வேலை செய்வதாக விசாரணையில் தெரியவருகிறது. அதற்குப் பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, டிசம்பர் வாசகத்தையே பார்த்துப் பார்த்து எழுதியிருந்தது. ஐசக் ஓய்வு பெற்ற பின் பார்த்திபனும் அதையே எழுதியிருந்தார். மொத்தம் நாற்பத்தி மூன்று.

நாற்பத்தி நாலாவது எப்படி இருக்கும் என்று லீலாவதிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்து ஊர் வேதாசலத்தின் மேல் ஒரு அடிதடி வாரண்டு நின்றது. பிப்ரவரி இருபதாம் தேதி சாயங்காலம் பெட்டிக்கடையில் பீடி வாங்கிப் பற்றவைத்தவர், குச்சி அணைவதற்குள் விழுந்து செத்தார். அதே நேரத்துக்குத்தான் ஸ்டேஷனில் அவர் இறந்துவிட்டதாக எழுதினார்கள். மறுநாள் வாங்கிய இறப்புச் சான்றிலும் அதே தேதி இருந்ததால், அறிக்கை எல்லா விதத்திலும் சரியாகவே இருந்தது.

லீலாவதி கையெழுத்துப் போடவில்லை. "நீங்க போடலன்னாலும் வி.ஏ.ஓ. கிட்ட வாங்கிக்குவோம்மா" என்று பார்த்திபன் தன்மையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மனு எழுதும் மஹபூப் பாஷாவிடம் போனாள். வாரண்டை ரத்து செய்யக் கேட்டு மனு போடலாம், ஆனால் வழக்கு நம்பர் வேண்டும் என்றார் பாஷா. ஸ்டேஷனில் கேட்டால் கோர்ட்டில் கேள் என்றார்கள், கோர்ட்டில் கேட்டால் நம்பர் இருந்தால்தான் நம்பர் தேட முடியும் என்றார்கள். கடைசியில், அன்று ரோட்டில் உட்கார்ந்தவர்களில் ஒருவனான பச்சமுத்து தன் அபராத ரசீதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பது ஞாபகம் வந்தது. அதிலிருந்த நம்பரைப் பாஷா போனில் போட்டுப் பார்க்க, அதிலிருந்து பிரிந்த வழக்கு கன்னியப்பன் பேரில் 'நிலுவை' என்று வந்தது. "கெடச்சிடுச்சும்மா. இப்ப மனுவோட ஆளும் நேர்ல வந்து நிக்கணும்" என்றார் பாஷா. பக்கத்தில் டம்ளர் இல்லாததால் அவர் டைப்ரைட்டரில் ஒரு கட்டை தானாக ஒருமுறை விழுந்தது. அவர் அந்த எழுத்தை அழித்துவிட்டு மேலே தட்டச்சு செய்தார்.

மனு எடுத்துக்கொள்ளப்பட்ட அன்று கோர்ட்டு டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கன்னியப்பன் கூண்டில்தான் நின்றார், மரப்பலகை கிறீச்சிட்டது. மாஜிஸ்ட்ரேட் அம்மா கூண்டைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். ரிக்கார்டுபடி எதிரி கோயம்பேட்டில் இருக்கிறார், போலீஸ் ஆஜர்படுத்தினால் மனுவைப் பார்க்கலாம் என்று இருபத்தெட்டாம் தேதிக்குத் தள்ளிவைத்தார்.

இருபத்தெட்டு வியாழக்கிழமை. பார்த்திபன் வி.ஏ.ஓ. சான்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கோர்ட்டு வராந்தாவில் பேனாவைத் திறந்தார். லீலாவதி எதிரே போய் நின்றாள்.

"அவரு பக்கத்துலதான் நிக்கிறாரு. கைது பண்ணிட்டேன்னு எய்துங்க."

"ஆளப் பாக்காம எப்படிம்மா எய்தறது? நாளைக்கு எவனாவது கேட்டா என் வேலைக்கே பேஜார்."

"நாப்பத்தி மூணு வாட்டி பாக்காமத்தான எய்துனீங்க. இப்ப மட்டும் இன்னா புதுசா பாத்து எய்தற பயக்கம்?"

வராந்தாவில் இருந்த இரண்டு வக்கீல் குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். மஹபூப் பாஷா, "இல்லாததையே இத்தினி வருசம் எய்தினீங்க ஏட்டையா. இருக்கிறத ஒரு வாட்டி எய்திப் பாருங்க, கை ஒண்ணும் வலிக்காது" என்றார். பார்த்திபன் ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தார். வேதாசலத்தின் பீடியைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருந்தார். சான்றைப் பைக்குள் தள்ளிவிட்டு எழுத ஆரம்பித்தார்: இன்று காலை 10.40 மணிக்கு மேற்படி எதிரியை... வராந்தாத் தரையில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வரி நகர நகர வேட்டி வந்தது, சட்டை வந்தது. 'ஆஜர்படுத்துகிறேன்' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டபோது தலை வந்தது. முழுக்க நரைத்திருந்தது. லீலாவதி அதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இன்னா இப்படி ஆயிட்ட" என்றாள்.

"உனுக்கு மட்டும் கருப்பாவா கீது" என்றார் கன்னியப்பன்.

பதினோரு மணிக்கு வாரண்டு ரத்தாயிற்று. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைத் தன் கையாலேயே கட்டி, ரசீதைத் தானே வாங்கினார். மே மாதம் சுபாஷ்ரீ கல்யாணத்தில் மணமேடையில் நின்றார். எல்லா போட்டோவிலும் விழுந்திருக்கிறார். வெண்பாடியில் இப்போது யார் எதற்குப் பணம் கட்டப் போனாலும் அவரவர் பேருக்குத் தனி ரசீது கேட்கிறார்கள்.

பழைய நாற்பத்தி மூன்று அறிக்கைகளையும் யாரும் ரத்து செய்யவில்லை. கோர்ட்டு ரிக்கார்டு என்பதால் அடிக்கவும் முடியாது. ஆகையால் கோயம்பேட்டில் இருப்பவர் இருக்கிறார். வெண்பாடிக்காரர்கள் காய் ஏற்றிப்போனால் அவரிடம் நின்று பேசிவிட்டு வருவார்கள். ஏரி நிரம்பிற்றா என்று கேட்பார். பொங்கலுக்கு லீலாவதி ஒரே துணியில் இரண்டு சட்டை எடுத்து, ஒன்றைப் பச்சமுத்துவிடம் கொடுத்தனுப்புகிறாள். இந்த வருஷம் தோளில் கொஞ்சம் இறுக்குவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மூட்டை தூக்கும் உடம்பு. அடுத்த பொங்கலுக்கு அவருக்கு மட்டும் நாற்பத்திரண்டு சைஸ் எடுக்க வேண்டும் என்று அவள் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள்.