இடுப்பளவு

புற்றுநோய் என்று புருஷனின் வயிற்றில் பாதியை வெட்டி எடுத்ததிலிருந்து, தையல்காரிக்கு அவர் இடுப்புதான் உலகம். ஆபரேஷன் செய்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: உடம்பு தேறினால்தான் அடுத்த மருந்து ஏற்ற முடியும். ஏற்கெனவே கிட்னி பழுது என்பதால் புண் ஆறுவதே ஆமை வேகத்தில்தான். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இல்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கும்போது மெஷின் எதற்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பஸ் ஓட்டிய மனுஷன், நோஞ்சானாகத்தான் வீடு திரும்பினார். பேண்டையெல்லாம் பிடித்துத் தைத்தாள். அப்புறம் ஒருநாள் நாடா ஒரு விரல் ஏறியது, பிறகு இரண்டு விரல். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆபரேஷன் டாக்டர் ஆகாரத்தை அடிக்கடி கொடு என்றார், கிட்னி டாக்டர் தண்ணீரை அளந்து கொடு என்றார். நாடாவே சாட்சி சொல்லும்போது அவள் யார் பக்கம் சாய்வாள்? சூப்பும் பாலுமாக ஊற்றினாள்.

"மூச்சு வாங்குதுடி."

"சதை போட்டா அப்படித்தான். உங்களுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு."

பிடித்த தையலைச் சந்தோஷமாகப் பிரித்துவிட்டாள்.

அடுத்த முறை போனபோது கிட்னி டாக்டர் அவர் காலை விரலால் அழுத்தினார். விரலை எடுத்தும் பள்ளம் அப்படியே நின்றது.

"இது சதை இல்லம்மா, தண்ணி. கிட்னி வெளியேத்தல. உள்ள இளைச்சுக்கிட்டேதான் இருக்கார். மருந்து இப்போதைக்கு ஏத்த முடியாது."

பாவி, என் கையாலேயே ஊற்றிக் கெடுத்தேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். டயாலிசிஸ் மெஷின் நீரை உறிஞ்சும்வரை வெளியே பெஞ்சில் கிடந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரே கேட்டார்: "அளந்து பாரேன்."

அளந்தாள். ஆபரேஷன் முடிந்து வந்த அன்றைய அளவுக்கும் கீழே போயிருந்தது.

"எவ்வளவு?"

"அப்படியேதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு ஊக்கைத் தேடுற?"

அவள் பேண்டை இழுத்துப் பிடித்தாள்.

"ஊக்கு குத்துதுடி. தைச்சுத்தான் கொடேன்."

"மாட்டேன். தைச்சுட்டா இதுதான் உங்க அளவுன்னு ஆயிடும்."

ஊக்கைக் குத்திவிட்டு, நாடாவைச் சுருட்டித் தையல் மெஷின் டிராயருக்குள் போட்டாள்.