மாடியில் இருக்கிற பிள்ளைக்காக

சம்பத் வீடியோ டெக்கைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வந்து இறங்கிய சனிக்கிழமை மத்தியானம், நான் முதலில் செய்த காரியம் தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தியது. சேலையூரில் அந்த வருடங்களில் ஒரு வீட்டுக்குள் டெக் போகிறது என்றால் தெருவே வந்து வாசலில் செருப்பைக் கழற்றும். எங்கள் வீட்டில் அதுவரை வாடகைக்கு டெக் எடுத்ததில்லை. லாசரஸ் வீடு சினிமா பார்க்கிற வீடு என்று எங்கள் கோவில் பங்கில் யாரும் சொன்னதும் இல்லை.

"இன்னா சார், பொணம் வெச்ச வூடு மாரி எல்லாத்தையும் மூடிகினு கீறீங்க" என்றான் சம்பத். நாற்பதைத் தாண்டிய ஆள், கேம்ப் ரோட்டில் வீடியோ கடை வைத்திருந்தான். "அரபிப் படம் சார், மூணு கேசட்டு. யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்கோ. மச்சான் குவைத்லேர்ந்து கொண்டாந்தது, கடையில தூசி துன்னுகினு கெடந்துச்சு. நீங்கதான் மொத கிராக்கி."

"கண்டதும் இருக்கிற படமா?"

"எனக்கு இன்னா தெரியும் சார். நீங்க பாத்துட்டு எனக்கு சொல்லுங்க."

விஷயம் இதுதான். என் ஒரே மகள் ஹில்டா தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அவளோடு படித்த கனகவல்லி முன்பே எகிப்துக்குப் போய்விட்டவள். அவள் மூலமாகக் கெய்ரோவில் ஒரு ஆஸ்பத்திரியில் ஹில்டாவுக்கும் வேலை வந்திருந்தது. பாஸ்போர்ட், விசா எல்லாம் தயார். கல்யாணமாகாத பெண்ணை முன்பின் தெரியாத தேசத்துக்கு அனுப்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. எகிப்து என்றால் எங்களுக்குப் பிரசங்கத்தில் கேட்டதுதான். பார்வோன், பஞ்சம், வெட்டுக்கிளி. அங்கே இப்போது எப்படிப்பட்ட மனிதர்கள் குடியிருக்கிறார்கள், பெண்பிள்ளைகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொல்வது?

"படம் பாத்தா தெரியும்ப்பா" என்றாள் ஹில்டா. "அவங்க வீடு, பழக்கவழக்கம் எல்லாம் அதுலதானே இருக்கும். எனக்கும் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும். பாருங்க. பாத்துட்டு நியாயமா சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். வாக்கு மாறியவன் என்று என்னை யாரும் சொன்னது கிடையாது.

படத்தின் அடியில் இங்கிலீஷ் எழுத்து எதுவும் ஓடவில்லை. பேச்சு முழுக்க அரபி. எங்கள் டிவியோ கறுப்பு வெள்ளை. ஒரு பெரிய பழைய வீடு தெரிந்தது. உள்ளே நுழைந்ததும் கூடம், அதன் கோடியில் வளைந்து மேலே போகிற மரப் படிக்கட்டு. கூடத்தின் நடுவில் உயரமான நாற்காலியில் வாசலைப் பார்த்தபடி வீட்டுத் தலைவர். குஞ்சம் வைத்த தொப்பி, முறுக்கிய மீசை, விரல்களுக்கிடையில் எங்கள் ஜெபமாலை போலவே ஒரு மணிமாலை. பிள்ளைகள் வரும்போதும் போகும்போதும் குனிந்து அவர் புறங்கையை முத்தமிட்டார்கள். வளர்ந்த மகன்கள்கூட அவர் எதிரில் உட்காரவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்தது. யாரோடு பேசினாலும் தலையைத் தாழ்த்தாமல், கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்ட தகப்பன்மார் இருக்கிற நாட்டில் ஒழுங்கு இருக்கும். "பரவாயில்லை" என்று வாய்விட்டே சொன்னேன். ஹில்டா தாயைப் பார்த்துச் சிரித்ததை நான் பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

அப்புறம் அவருடைய மகள் வந்தாள். நீண்ட பின்னல், ஹில்டாவின் வயது. எதிரில் நின்று என்னவோ கேட்டாள். நெடுநேரம் கேட்டாள். அவர் ஒன்றும் பேசவில்லை. வலது கையின் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். அவள் திரும்பிப் படிக்கட்டில் ஏறி மேலே போய்விட்டாள். அதன் பிறகு கதை மூத்த மகனைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ போனது. ஒரு கடை, ஒரு கல்யாணம், ஒரு கோர்ட். படம் முடிந்து திரையில் புள்ளிகள் பறந்தன.

"அந்தப் பொண்ணு என்னங்க ஆச்சு?" என்றாள் என் மனைவி அருள்மேரி. "மேல போனவ எறங்கவேயில்லையே."

இரண்டாவது கேசட்டை ஹில்டாவுக்கு விடுப்பு கிடைத்த நாளில் போட்டோம். அதே வீடு. அதே படிக்கட்டு, அதே மனிதர், மீசை மட்டும் கொஞ்சம் நரைத்திருந்தது. முதல் படத்தின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொண்டோம். இவன் அந்த மூத்தவனின் மகனாக இருக்க வேண்டும், இவள் கல்யாணமாகி வந்த மருமகள் என்று நானும் அருள்மேரியும் உறவு முறை சொல்லிக்கொண்டே பார்த்தோம். பின்னல் போட்ட பெண் எங்கும் தென்படவில்லை. நடுவில் ஒரு வேலைக்காரி மூடிய தட்டோடு படியேறிப் போனாள். கொஞ்சம் கழித்து வெறும் தட்டோடு இறங்கி வந்தாள். மேலே யார் சாப்பிட்டார்கள் என்று காட்டவில்லை.

"அவளுக்குத்தான்" என்றாள் அருள்மேரி.

மறுநாள் டெக்கில் படம் இழுக்கிறது என்று ஹெட்டைத் துடைத்துத் தர வந்த சம்பத்திடம் அருள்மேரி இதைக் கேட்டேவிட்டாள். அவன் துடைக்கிற பஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"யக்கா, அது வேற படம், இது வேற படம். ஒரே செட்டு. நம்ம கோடம்பாக்கத்துல ஒரே பங்களாவுல நாலு ஈரோ குடித்தனம் பண்ணலியா, அந்தமாரி. மாடியே இருக்காது தெரியுமா? படி மட்டுந்தான் போட்டு வெச்சிருப்பான். ஏறிப் போனா பின்னால ஏணி. ஏணில எறங்கி டீ குடிக்கப் பூடுவாங்கோ."

அருள்மேரி என்னைப் பார்த்தாள். "படந்தானே, எனக்குத் தெரியாதா" என்று அவனிடம் சொன்னேன். தெரியாமல் போனதைக் கடைக்காரன் எதிரில் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது, மாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் முன்னால் அவை யாருக்காக என்று வழக்கம்போலக் கருத்துகளைச் சொல்லிக்கொண்டே வந்த அருள்மேரி, நோயாளிகளுக்காக, மரித்த விசுவாசிகளுக்காக என்றெல்லாம் சொல்லி முடித்து, கடைசிப் பத்துக்கு முன்னால் ஒரு கணம் தயங்கினாள். பிறகு "மாடியில் இருக்கிற பிள்ளைக்காக" என்றாள். நான் கண்டித்திருக்க வேண்டும். ஜெபத்தின் நடுவில் குரல் உயர்த்துவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. ஹில்டா மட்டும் ஏதும் நடக்காதது போல அந்தப் பத்து மணிகளையும் கணீரென்று சொன்னாள். மறுநாளும் அதே கருத்து சொல்லப்பட்டது.

மூன்றாவது கேசட்டில் கதை என்று ஒன்று இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. அந்த மனிதர் மட்டும், முற்றிலும் நரைத்து, அதே நாற்காலியில் அதே நிமிர்ந்த கழுத்தோடு உட்கார்ந்திருந்தார். யாரோ வந்து பேசிவிட்டுப் போனார்கள். வெளியே வெயில் ஏறி இறங்கியது. மதிய வெக்கையில் எனக்குக் கண் சொருகியது.

"நடக்குறா" என்றாள் ஹில்டா.

"யாரு?"

"மேல. கேக்கலையாப்பா உங்களுக்கு? இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு."

நான் கூர்ந்து கேட்டேன். அடி வைக்கிற சத்தம்தான். வெறுங்கால், அவசரமில்லாமல், தலைக்கு மேலே. டிவியிலிருந்து வருகிறதா என்று சத்தத்தைக் குறைத்தேன். குறையவில்லை. எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. மொட்டை மாடிதான், அதற்கும் வெளியிலிருந்து, வீட்டின் பக்கவாட்டில்தான் படிக்கட்டு. அருள்மேரி போய்ப் பார்த்துவிட்டு வந்து, கொடியில் துணி காய்கிறது, வேறொன்றும் இல்லை என்றாள். கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டபோது சத்தம் இல்லை.

அந்த இரண்டாவது தடவைதான் நான் அந்த மனிதரைச் சரியாகப் பார்த்தேன். அவர் எதிரில் பேசுகிறவர்களைப் பார்க்கவில்லை. வாசலையும் பார்க்கவில்லை. கழுத்தை நிமிர்த்தி மோவாயை உயர்த்தியிருந்தது கம்பீரத்துக்காக இல்லை. கூரையில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். முதல் கேசட்டை எடுத்துப் போட்டேன். மகள் மேலே போனதற்கு அப்புறம் அவர் வருகிற ஒவ்வொரு காட்சியிலும், மகனின் கல்யாணத்தில்கூட, அவர் தலை அப்படித்தான் இருந்தது. டெக்கை அணைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அருள்மேரியின் அண்ணன் எட்மண்ட் எங்களோடு வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மாடம்பாக்கத்தில் வீடு, பங்குப் பேரவையில் இருப்பவர், ஊர் வாயெல்லாம் அவர் வாயில்தான். கோழிக்குழம்பை ஊற்றிப் பிசைந்தபடியே ஆரம்பித்தார்.

"என்ன மச்சான், பார்வோன் வீட்டுல சம்பந்தம் பேசறீங்களாமே."

"வேலைக்குத்தான் கேட்டிருக்காங்க" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. பங்குல கேக்கறாங்க. பொண்ணு அரபிக்காரன் ஊர்ல நைட் டூட்டி பாக்கும், லாசரஸ் இங்க உக்காந்து டெக்ல படம் பாப்பாரான்னு கேக்கறாங்க. ஜன்னல மூடிட்டா தெரியாதா மச்சான்?"

"மாமா, சாப்பிடுங்க" என்றாள் ஹில்டா.

"நான் சாப்பிடறது இருக்கட்டும்மா. அப்பா இன்னிக்கு பதில் சொல்றேன்னாராமே. எனக்கும் கேக்க ஆசைதான்."

ஹில்டா ரசம் வைத்திருந்த பாத்திரத்தை இறக்கிவிட்டு என் எதிரில் வந்து நின்றாள். பூசைக்குக் கட்டிய வெள்ளைப் புடவையை இன்னும் மாற்றியிருக்கவில்லை. அவள் நிதானமாகத்தான் பேசினாள். அங்கே கனகவல்லியோடு ஒரே அறையில் தங்கப் போவதைச் சொன்னாள். ஞாயிறு பூசைக்குப் பக்கத்திலேயே கோவில் இருப்பதையும், இரண்டே வருடத்தில் திரும்பிவிடுவதையும் சொன்னாள். "அந்த வீட்டையெல்லாம் பாத்தீங்களேப்பா. நம்மள மாதிரிதானே இருக்காங்க" என்றாள். அதற்கு நான் பதில் வைத்திருந்தேன். போய் வா என்பதுதான் அது. வாரமெல்லாம் யோசித்து, அந்தக் கூரையைப் பார்க்கிற முகத்தை நினைத்து, அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தேன். எட்மண்ட் கையில் சோற்று உருண்டையோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாய் சாயங்காலத்துக்குள் எத்தனை வாசலுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

நான் பேசவில்லை. அருள்மேரியின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் என் வலது கை விரல் உயர்ந்திருப்பதைக் கவனித்தேன்.

"சரிப்பா" என்றாள் ஹில்டா. காய்ந்த துணியை எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கூடையோடு வெளியே போனாள். பக்கவாட்டுப் படியில் அவள் ஏறுவது கேட்டது.

எட்மண்ட் திருப்தியாக வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் கூடத்தில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ஹில்டா நடந்துகொண்டிருந்தாள். கோபத்தில் நடக்கிறாள், ஆறியதும் இறங்கி வரட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் நின்று, பிறகு மறுபடி நடந்தாள். விமானப்படை மைதானத்தின் பக்கம் ஒரு விமானம் இரைந்து அடங்கியது. அதற்கப்புறமும் அடிகள் கேட்டன. அருள்மேரி சமையலறையை விட்டு வரவேயில்லை; அங்கே பின்கதவு மட்டும் ஒரு தரம் திறந்து மூடியது. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் எழுந்துபோய், நான் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடலாம் என்று நாற்காலியின் கையைப் பிடித்தேன்.

அப்போது சம்பத் வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"டெக்க எடுத்துக்கலாமா சார்?"

"நாளைக்குத்தானே வரச் சொன்னேன்."

"ஹில்டா சிஸ்டருதான் சொன்னாங்கோ. அப்பா பாக்க வேண்டியதெல்லாம் பாத்து முடிச்சிட்டாரு, போய் எடுத்துக்கோன்னு." அவன் உள்ளே வந்து, குனிந்து ஒயரைப் பிடுங்கத் தொடங்கினான். "ஸ்டேஷனாண்ட நின்னுகினு இருந்தாங்கோ. கையில பெரிய பொட்டி. ஊருக்கா சார்?"

"எப்போ?"

"இப்பதான் சார். பீச் போற ரயிலு வந்துச்சு, ஏறிட்டாங்கோ. நான் கையாட்டிட்டு நேரா இங்க வரேன்."

"ஹில்டா மேல இருக்கா" என்றேன்.

சம்பத் டெக்கை மார்போடு அணைத்தபடி எழுந்தான். ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். அவன் தலை மெல்ல நிமிர்ந்தது. மேலே வெறுங்கால்கள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தன. அவன் கையிலிருந்து ஒயர் தரையில் தொங்கி ஆடியது.

அருள்மேரி சமையலறையிலிருந்து வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கையில் இன்னொரு தட்டால் மூடிய தட்டு. எங்கள் இருவரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி, வீட்டின் பக்கவாட்டுக்குத் திரும்பினாள். அவள் ஒவ்வொரு படியாக ஏறுவது சுவர் வழியே கேட்டது. மேலே இருந்த அடிகள் ஒரு கணம் நின்றன. பிறகு, அவளை எதிர்கொண்டு தட்டை வாங்கிக்கொள்ளப் போவது போல, படிக்கட்டுப் பக்கமாக நகர்ந்தன.