நூற்றுக்கு ஒன்பது

ஸ்ட்ரெச்சரின் கம்பியைக் கொழுந்தன் விடவில்லை. அவனது மறு கையில் கைப்பேசி.

"அண்ணி, ஊருக்கே தெரியிற மாதிரி போட்டிருக்காங்க, பாருங்க. இந்த டாக்டர்கிட்ட ஆபரேஷனுக்குப் போனவங்கள்ல நூத்துக்கு ஒம்பது பேர் பிழைக்கல. காலையில பார்த்தவர்கிட்ட ஒருத்தர்தான்!"

காலையில் பார்த்தவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இதயம் ரொம்பப் பழுது, வேறு இடம் பாருங்கள் என்று கையை விரித்தவர். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதையை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருக்கு ஏன் ஒண்ணுன்னு எனக்குத் தெரியும். எங்க ஸ்கூலும் வருஷா வருஷம் நூறு சதவீதம்தான். தேறாத பிள்ளைங்கள பரீட்சைக்கு முன்னாடியே டி.சி. கொடுத்து அனுப்பிடுவாங்க."

ஸ்ட்ரெச்சரில் கிடந்த கணவனுக்குச் சிரிப்பு வந்தது, மூச்சுதான் வரவில்லை. "அப்ப என்ன டீச்சரம்மா... என்னைப் பரீட்சை எழுத விடுறியா, இல்லையா?"

"வாய மூடிட்டுப் போய்ட்டு வாங்க."

கொழுந்தன் கையை எடுத்தான். "ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்காதீங்க அண்ணி."

அதன்பின் அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. நடைக்கூடத்தின் இந்தக் கோடியில், ஆபரேஷன் அறை வாசலருகே நாற்காலியில் அவள், அந்தக் கோடியில் அவன். பிழைத்தவர்கள் தொண்ணூற்றொரு பேர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆபரேஷன் அறைக் கதவு அசையும்போதெல்லாம் அது மறந்துபோய், ஒன்பது மட்டும் மிஞ்சியது.

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"எவ்வளவோ பார்த்தோம்மா. இதயம் திரும்பத் துடிக்கவே இல்ல."

"தலைபாடா அடிச்சுக்கிட்டேனே அண்ணி!" கொழுந்தன் சுவரில் சாய்ந்து அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. என் வாயால்தானே போகச் சொன்னேன் என்பதுதான் மனதில் நின்றது.

"இவரும் அந்தக் கணக்குல சேருவாரா, டாக்டர்?"

அவர் தரையைப் பார்த்தார். "சேருவார்மா."

நர்ஸ் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு ஸ்ட்ரெச்சர். அதில் ஒரு பெண். தலைமாட்டில் அவளது மகள்.

"டாக்டர், இவங்க இதயமும் அதே மாதிரி ரொம்பப் பழுதுதான். இந்த மாதிரி கேஸ் இனிமே எடுக்க வேணாம், வேற இடத்துக்கு அனுப்பிடுங்கன்னு மேலிடத்துல சொல்றாங்க."

டாக்டர் கையிலிருந்த முகக்கவசத்தைப் பார்த்தார். யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் அந்த மகள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

டீச்சர் எழுந்தாள். ஆபரேஷன் அறைக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டிருந்த தன் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டாள்.