முந்தி வரும் ஓசை

தம்பியின் தலைமாட்டில் கலோலைனே உட்கார்ந்திருந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு இத்தனை பக்கத்தில் அவள் உட்கார்ந்ததில்லை. டோங்காத் தீவுகளில் அக்காவும் தம்பியும் வளர்ந்த பிறகு ஒரே கூரையின் கீழே படுக்கக் கூடாது, ஒரே அறையில் உட்கார்ந்து சிரிக்கக் கூடாது. அதற்குப் பெயர் மரியாதை. அந்த மரியாதையைத் தம்பி விலியாமி சாகும்வரை இம்மியும் பிசகாமல் காத்தான். முற்றத்தில் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பான். சொல்ல வேண்டியதைப் பெண்டாட்டி வழியாகச் சொல்லி அனுப்புவான். நேற்றுக் கிழங்குத் தோட்டத்தில் குனிந்தவன் நிமிரவே இல்லை. இப்போது மரவுரி விரித்து, வீட்டிலிருந்த நல்ல பாய்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவனைக் கிடத்தியிருக்கிறார்கள். தலைமாடு அக்காவின் இடம். செத்த பிறகுதான் பக்கத்தில் உட்காரக் கொடுத்துவைத்திருந்தது. வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது அவனுக்கு. அது எப்போது வந்தது, எதனால் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே சமையல் குடிசைப் பக்கம் விறகு பிளக்கும் சத்தம். அது செமிசி. விலியாமியின் இளைய மகன். அப்பன் செத்தால் பிள்ளைகள் கிழிந்த பெரிய பாயை மார்புவரை சுற்றிக்கொண்டு புகையில் நின்று வந்தவர்களுக்கு ஆக்கிப்போட வேண்டும். நாளை வெள்ளிக்கிழமை அவன் விமானம் ஏற வேண்டியவன். டோங்கா லீக் ரக்பி அணியை இங்கிலாந்து கூப்பிட்டு, மூன்று ஆட்டம் நம்மோடு மட்டுமே வைத்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. அணியில் மற்றவர்கள் எல்லாரும் சிட்னியிலும் ஆக்லாந்திலும் பேர் வாங்கினவர்கள். ஊரிலேயே இருந்து, கிழங்கு தோண்டிக்கொண்டே ஆடிக்கொண்டிருந்தவர்களில் எடுத்தது ஒரே ஒருவனை. சனிக்கிழமை ஆக்லாந்திலிருந்து அணி புறப்படுகிறது. வெள்ளிக்கிழமை விமானத்தை விட்டால் அவ்வளவுதான்.

செமிசியின் அம்மா செய்னி வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் ஊதியிருந்தது.

"அண்ணி, அவன் பெட்டியப் பிரிச்சுட்டான். பூட்ஸ தூக்கிப் பக்கத்து வீட்டு மாக்காவுக்குக் குடுத்துட்டான்."

"கூப்பிடு அவனை."

செமிசி குனிந்து வந்து வாசல் ஓரத்திலேயே உட்கார்ந்தான். அதற்கு மேல் உள்ளே வரமாட்டான்; அப்பன் கிடக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் போகக் கூடாது. பாயெல்லாம் சாம்பல். தோள்வரை வளர்ந்த முடியை ஒரு நாரால் கட்டியிருந்தான்.

"பூட்ஸ யாருக்குடா குடுத்த?"

"மாக்காவுக்கு, அத்தை."

"அவன் கால் உன் உள்ளங்கை அளவு இருக்கு. மீதிக்குத் தேங்கா நார வச்சு அடைச்சுக்குவானா?"

அவன் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாக ஆகவில்லை.

"நான் போகல அத்தை. அப்பா போன்னு சொல்லல. என் பேரு ரேடியோல வந்த அன்னிக்குக்கூட ஒண்ணும் சொல்லல. நான் பயிற்சி முடிஞ்சு வந்து சொன்னேன். தலைய ஆட்டினார், சாப்பிட்டார், படுத்துட்டார். அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்கா? நீங்க ரெண்டு பேரும் பேசி நான் பாத்ததே இல்லையே."

கலோலைனே வாசல் வழியே சமையல் குடிசையைப் பார்த்தாள். எப்படிச் சொல்வது? அவர்கள் இருவரும் பேசாமலே பல வருஷமாகப் பேசிக்கொண்டிருந்ததை இந்தப் பிள்ளை எங்கே கண்டான். புருஷன் போன பிறகு அவள் இந்த வளாகத்துக்குத் திரும்பி வந்தாள். முன்வீடு அவளுக்கு, முற்றத்துக்கு அந்தப் பக்கத்து வீடு தம்பி குடும்பத்துக்கு, நடுவில் சமையல் குடிசை. தம்பியின் மூத்த மகன் ஹெனெலே ஆக்லாந்தில் வேலைக்குப் போய் முதலில் வாங்கி அனுப்பியது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அப்பனுக்கு இல்லை, அத்தைக்கு. அதுதான் முறை. ஆட்டம் வந்தால் ஊரே அவள் வீட்டில் குவியும். விலியாமி மட்டும் வரமாட்டான். "நான் வெளியில போய் உக்காந்துக்கறேன், உன் புருஷன வந்து பாக்கச் சொல்லு" என்று செய்னியிடம் எத்தனையோ முறை சொல்லி அனுப்பினாள். அக்காவை எழுப்பிவிட்டு உட்கார்ந்தால் அது என்ன பார்வை என்று அவன் கேட்டானாம். ரேடியோவை எடுத்துக்கொண்டு சமையல் குடிசைக்குப் போய்விடுவான். தேங்காய் துருவும் பலகைமேல் உட்கார்ந்து கேட்பான்.

ரேடியோ எப்போதுமே படத்தைவிடக் கொஞ்சம் முந்தி. நம்மவன் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுத்துவிட்டால், குடிசையில் அவன் பெரிய பானையின் மூடியை எடுத்து அகப்பையால் அடிப்பான். டங், டங் என்று அது முற்றத்தைத் தாண்டி வரும். அப்போது திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் கிடக்கும். அவள் பக்கத்தில் இருக்கும் பெண்களிடம் "பாருங்க, இப்ப விழும்" என்பாள். விழும். பிள்ளைகள் ஆட்டத்தையே பார்க்காமல் மூடிச் சத்தத்துக்குக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நல்ல சேதிகூட அவளுக்குத் தம்பி சொல்லாமல் கண்ணால் தெரிந்ததில்லை.

"அடுப்படியில பெரிய பானை மூடி இருக்கும். எடுத்துட்டு வா" என்றாள் செய்னியிடம்.

மூடி வந்தது. அலுமினியம். அடிபட்டு அடிபட்டு நடுவில் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. விளிம்பிலிருந்து ஒரு வெடிப்பு உள்ளே ஓடியது.

"இந்த வெடிப்பு என்னிக்கு விழுந்துச்சுன்னு உங்கம்மாவக் கேளு."

செய்னி மூடியைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பேரு வாசிச்ச அன்னிக்குத்தான். கிழங்கு வெந்துக்கிட்டிருக்கு, இந்த மனுஷன் மூடியப் பிடுங்கி அடி அடின்னு அடிக்கறார். நல்ல மூடி போச்சேன்னு நான் ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசல. எதுக்கு அடிச்சார்னு யோசிக்கல பாரு, செமிசி. மூடியத்தான் பாத்தேன்."

செமிசி கையை நீட்டி வெடிப்பைத் தடவினான்.

"சரி அத்தை. போறேன். ஆனா இன்னிக்கே அப்பாவ அடக்கம் பண்ணுங்க. மண்ணு போட்டுட்டுப் போறேன்."

வெளித் திண்டில் லோலோஹேயா செருமினார். ஊர்த்தலைவரின் வாயாக இருந்து சாவு, கல்யாணம் எல்லாவற்றையும் நடத்தி வைப்பவர் அவர். "மூத்தவன் சனிக்கிழமைதான் வர்றான். அதுக்கு முன்னாடி விமானத்துல இடமில்லையாம். ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள், குழி வெட்ட முடியாது. திங்கக்கிழமைதான். மூத்தவன் வராம அடக்கம் இல்ல."

"அவனுக்காகக் காத்திருப்பீங்க. எனக்காக முந்தி வைக்க மாட்டீங்க" என்றான் செமிசி. குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "மண்ணு போடாம, முடி குடுக்காம போனவன்னு நாளைக்கு ஊரு சொல்லும். அந்தத் தலையோட நான் அங்க போய் என்னத்த ஆடுவேன்?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அடக்கம் முடிந்ததும் பிள்ளைகளின் முடியை அத்தை தன் கையால் வெட்ட வேண்டும். அப்போதுதான் பிள்ளை கடன் முடித்தவன். கலோலைனே தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தழும்பு. மூத்தவனுக்காக இளையவனை நிறுத்துவதா, இளையவனுக்காக மூத்தவனை மண்மேட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதா? இரண்டு பேருமே இவனுடைய பிள்ளைகள். தம்பி குடும்பத்தில் அக்கா சொல்தான் முடிவு; அவள் ஒன்றைச் சொன்னால் எதிர்த்துப் பேச இந்த வளாகத்தில் ஆள் கிடையாது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தம்பி ஆசைப்பட்டதைச் செய்கிறோமா, இல்லை, தனக்கு இருக்கும் ஆசையைத் தம்பி பெயரில் ஏற்றுகிறோமா? மூடியின் வெடிப்பை இன்னொரு முறை பார்த்தாள். பார்த்ததும் மனசு ஒரு பக்கமாக நின்றது.

"துணி வெட்டற கத்திரிக்கோல எடுத்துட்டு வா, செய்னி."

லோலோஹேயா வாசலுக்கே வந்துவிட்டார். "மண்ணு விழறதுக்கு முன்னாடியா? அப்படி ஒரு முறை கிடையாதும்மா."

"முடி எடுக்க வேண்டியது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப நான் எடுக்கறேன். எப்பங்கறதையும் நானே பாத்துக்கறேன்."

"ஊரு பேசும்."

"பேசட்டுமே. நாலு நாள் காவா வேர்ச்சாறு குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கப் போறீங்க. பேச உங்களுக்கும் ஏதாவது வேணுமில்ல."

திண்டில் இருந்த கிழவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கத் தும்மினார். லோலோஹேயா தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினார். மனசில்லாமல்தான் ஒதுங்கினார், ஆனால் ஒதுங்கினார்.

"உள்ள வாடா" என்றாள் அவள்.

"அத்தை, அப்பா இருக்கற இடத்துல நான்—"

"நான் கூப்பிடறேன், வா."

அவன் முழங்காலால் ஊர்ந்து வந்தான். அவள் நாரை அவிழ்த்தாள். சின்ன வயதில் பேன் பார்த்த தலை. கத்திரிக்கோல் துருப்பிடித்து, முடியை வெட்டுவதைவிட அதிகமாகக் கடித்தது. அவன் முகத்தைச் சுளிக்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை. விழுந்த முடியை ஒன்று விடாமல் பொறுக்கி, மரவுரித் துண்டில் சுற்றி, விலியாமியின் கைக்குக் கீழே பாயில் செருகினாள்.

"நீ போட வேண்டிய மண்ணுக்குப் பதிலா இது உள்ள போகும். உன் கடன் முடிஞ்சுது. போய் மாக்காகிட்ட பூட்ஸ வாங்கு."

மறுநாள் காலை லாரியின் பின்னால் அவன் ஏறினான். கறுப்புச் சட்டை, இடுப்பில் துக்கப் பாய், மடியில் பூட்ஸ். லாரி திரும்பியபோதுதான் இடது காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடியை வெட்டாமல் விட்டுவிட்டோம் என்று அவள் கண்டாள். கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டால் இறங்கிவிடுவானோ என்று வாயை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்த ஹெனெலே முதலில் சொன்னது, "ஆக்லாந்து விமான நிலையத்துல அவனப் பாத்தேன் அத்தை. தலையப் பாத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல." திங்கட்கிழமை விலியாமியைக் குழியில் இறக்கினார்கள். ஹெனெலே மண் போட்டான். துக்கம் கழியும்வரை ஊருக்குள் மரப்பட்டையை அடித்து மரவுரி ஆக்கும் ஓசைகூட எழக் கூடாது என்று லோலோஹேயா அறிவித்தார். அறிவிக்கும்போது கலோலைனேவைப் பார்க்கவில்லை.

முதல் ஆட்டத்தில் செமிசியை இறக்கவில்லை. நம்மவர்கள் தோற்றார்கள். கலோலைனே அவசரப்பட்டு முடி வெட்டியதால்தான் என்று காவாக் கோப்பையைச் சுற்றி யாரோ சொன்னதாகச் செய்னி வந்து சொன்னாள். "அவன் ஆடவே இல்ல, அவன் முடி எப்படித் தோக்கும்?" என்றாள் கலோலைனே. சொல்லிவிட்டாளே தவிர, அந்த வாரம் முழுவதும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு அவன் பெயர் வந்தது.

அந்த ஆட்டம் இங்கே ஞாயிற்றுக்கிழமை விடியலில். போதகர் விடியற்காலை ஆராதனையை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. பிரசங்கமும் என்றும் இல்லாத அளவுக்குச் சுருக்கம். ஆராதனை உடையோடேயே எல்லாரும் முன்வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். துக்க வீடு, சத்தம் கூடாது. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். கலோலைனே ஹெனெலேவைக் கூப்பிட்டு, "அடுப்படியில ரேடியோவப் போட்டுட்டு வா" என்றாள். அங்கே யாரும் இல்லையே என்று அவன் கேட்கவில்லை.

திரையில் நம்மவர்கள் ஆட்டம் தொடங்கும் முன் ஆடும் போர்க்கூத்துக்கு வரிசை கட்டி நின்றார்கள். மழையில் சொட்டச் சொட்ட, நீண்ட முடிகள், சடைகள். அதன் நடுவில் ஒரு மொட்டைத் தலை, திட்டுத் திட்டாக. அங்கே மைதானத்தில் இருந்த ஆயிரக்கணக்கான பேருக்கும் அது வெறும் ஒரு தலை. இங்கே செய்னி வாயில் துணியை வைத்துக்கொண்டாள். கேமரா பக்கவாட்டில் போனபோது காதுக்குப் பின்னால் அந்தக் கொத்து தெரிந்தது.

வெகுநேரம் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டே இருந்தார்கள். இங்கிலாந்து முன்னால் போனது. கலோலைனேவின் கண் திரையில் இருந்தது, காது முற்றத்தில் இருந்தது. பிறகு செமிசி பந்தோடு ஓடினான். ஒருவன் காலைப் பிடித்தான், உதறினான். இன்னொருவன் மேலே விழுந்தான், அவனையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் விழுந்தான். அறை முழுவதும் மூச்சு ஒன்றாக வெளியே வந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். ஹெனெலே தரையில் நெற்றியை வைத்து அழுதான்.

கலோலைனே மட்டும் அசையவில்லை. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நடுவர் கையைக் காட்டிவிட்டார், எண்ணும் மாறிவிட்டது. ஆனால் சத்தம் முதலில் வரவில்லையே. சத்தம் வராமல் எப்படி விழும்? இனி எல்லாம் இப்படித்தான், யாரும் சொல்லாமல் திடீரென்று கண் எதிரே வந்து நிற்கும் என்று அவளுக்குப் புரிந்தது.

எழுந்தாள். முற்றத்தில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சமையல் குடிசைக்குள் நேற்றைய புகையின் வாசனை, ரேடியோ தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. தேங்காய் துருவும் பலகைமேல், அவன் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்துப்போன இடத்தில், அவள் உட்கார்ந்தாள். மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அகப்பை அடுப்பு ஓரத்தில் இருந்தது.

ரேடியோக்காரன் மூச்சு வாங்கினான். பந்து இடது ஓரத்துக்குப் போகிறது என்றான். செமிசியின் பெயரைச் சொன்னான், மறுபடியும் சொன்னான், பிறகு அவன் குரல் கூட்டத்தின் இரைச்சலில் முங்கிப் போனது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் முன்வீடு அமைதியாக இருந்தது. அங்கே அவர்களுக்கு இன்னும் தெரியாது. எல்லாரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கலோலைனேவின் கையில் அகப்பை மேலே எழுந்திருந்தது.