கடைசி அடியில் யார் பெயர்?

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணச் சாப்பாட்டில் கிடைத்தது. ஸ்ரீநகரில் நாலு பேருக்கு ஒரே தாம்பாளம். என் எதிர் ஓரத்தில் நபீர் பாய்; கச்சேரியில் பானை வாசிப்பவர். வெளியே பாடகர், கவியின் பெயர் வரும் கடைசி அடியை முடித்ததும் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார்.

"அந்தப் பேர் பொய், எழுத்தாளரே. பாட்டு ஒரு பொம்பளையோடது."

"யாரு?"

"தெரிஞ்சா பாட்டுலயே இருந்திருக்குமே! நீங்களே ஒரு பேர் வையுங்க."

மோக்தி என்று வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு அலறல்—

(அடித்துவிட்டேன். வாராவாரம் கொலை எழுதிப் பழகிய கை.)

இரண்டாவது: முன்னொரு காலத்துப் பாம்பூர். குங்குமப்பூ வயலின் ஊதா, வானம் வரை ஏறியிருக்கிறது. அதில் பாதித் தூக்கத்தில் நடப்பவள்போல் மோக்தி. பூ பறிக்கப் பறிக்க வாயில் பாட்டு வருகிறது. விட்டுப்போன காதலனைக் கூப்பிடும் பாட்டு. புருஷனோ வீட்டில்தான் இருக்கிறான். வம்பே அதுதான்.

கடைசி அடியில் கவி தன் பெயரைச் சொல்வது அந்த ஊர் வழக்கம். அவள் சொல்லவில்லை. பெயரில்லாத பாட்டு வயல் வயலாக மிதந்து, கஃபார் என்ற பாடகனிடம் போய்ச் சேர்ந்தது.

3

கல்யாண முற்றம். பெண்கள் தோளோடு தோள் கைகோத்து வரிசையாக ஆடுகிறார்கள். கஃபார், வரிசையில் மோக்தியை ஒட்டி நிற்கும் அவளுடைய மாமியார் குர்ஷியிடம் சொல்கிறான்:

"அநாதைப் பாட்டு, தாயே. என் பேரைப் போட்டுக்கறேன்."

"போட்டுக்கோ. உன் குரல்தான் கழுதை, பாட்டாவது நல்லா இருக்கட்டும்."

எல்லோரும் சிரிக்கிறார்கள். மோக்தியும் சிரித்தாக வேண்டியிருக்கிறது.

(இவள் இவ்வளவு நேரம் பொறுப்பாளா? எனக்கே சந்தேகம். நபீர் பாயிடம் படித்துக் காட்டினேன்.

"பேரைச் சொன்னா வீடு போயிடும். சொல்லலேன்னா பாட்டு போயிடும். எதை விடப்போறா?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்கறேன்."

"நல்லா இருக்கே! சம்பளம் யாருக்கு?")

4

முடிவு அ: சொல்கிறாள். புருஷன் எழுந்து—

முடிவு ஆ: சொல்லவில்லை. அடுத்த வருஷம் வயலில் வெறும் பூ மட்டும்—

இரண்டும் வேண்டாம். இதுதான் நடந்தது:

கடைசி அடியில் பெயருக்கு முன்னால் பானைத் தாளம் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் கஃபார் வாய் திறப்பதற்குள் ஒரு கிழட்டுக் குரல் பாடியது: "குர்ஷி!"

முற்றம் வாயைப் பிளந்தது.

"என்னடா முழிக்கறே? எனக்குக் காதலன் இருக்கக் கூடாதா?"

சிரிப்பு அடங்குமுன் வரிசையின் கோடியில் ஒருத்தி அதே அடியில் தன் பெயரைப் போட்டாள். அப்புறம் அடுத்தவள். கோத்த கைகள் வழியாக அந்த அடி ஒவ்வொருத்தியாகத் தாண்டி மோக்தியை நோக்கி வந்தது. கஃபார் வியர்வையைத் துடைத்தான்.

மாமியாரின் கை மோக்தியின் தோளை அழுத்தியது. "நீ பாடினதை வயல்ல நான் கேட்டிருக்கேன்டி. பாடு. இத்தனை பேர்ல எவ பேர் நிஜம்னு எவனுக்குத் தெரியப்போகுது?"

உண்மைதான். இப்போது சொன்னால் ஆபத்தில்லை. ஆனால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

பானை நிற்கிறது. மோக்தி வாயைத் திறக்கிறாள். நான் தூரத்தில், ஆண்கள் பக்கம் இருக்கிறேன். அவளுடைய மறு கையைக் கோத்துக்கொண்டு நிற்பது நீங்கள். அவள் பாடியது உங்களுக்குத்தான் கேட்டிருக்கும்.